தலைமை இல்லாத கூட்டம்

மகனே,

உன் பெயரை இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. பெயர், வயது, தகப்பன் பெயர், ஊர், தொழில் ஆகியவை இல்லாமல் நிருபரான நான் ஒரு செய்தியைக்கூட மதுரைப் பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்பியது கிடையாது. அம்பாசமுத்திரம் பக்கம் மாடு முட்டி ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்கூட, அந்த மாட்டின் சொந்தக்காரர் பெயரை விசாரித்த பிறகுதான் செய்திக் கவரை ஒட்டி பஸ்ஸில் போடுவேன். ஆனால் இதை நாலு பேர் படிக்கக் கொடுக்கலாமா என்று உன்னிடம் கேட்டபோது நீ சொன்னாய்: "எழுதுங்கப்பா. என் பேரைப் போட்டாலும் எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா எம் பேரைப் போட்டா, எங்கூட உக்காந்திருக்கவங்க யாருன்னு ஊரு தேட ஆரம்பிச்சிரும். யார் பேரும் வேண்டாம்." சரி என்றேன். ஆகவே உன் பெயர் இல்லை, உன் அம்மா பெயர் இல்லை, மருமகள் பெயர் இல்லை, என் பெயரும் இல்லை. இந்த வருஷத்தோடு நான் வேலையை விடுகிறேன். நீ விக்கிரமசிங்கபுரத்துக்குக் குடித்தனம் போய்விட்டாய். நேரில் சொல்ல வந்தால் ஊர்க்கதை பேசிவிட்டுத் திரும்பிவிடுகிறேன். அதனால் எழுதுகிறேன்.

நீ பேட்டையில் லேத்துப் பட்டறைக்குப் போன புதிதில், நீ கடைந்த இரும்புத் தண்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, தடவிப் பார்க்கச் சொன்னாய். பிசிறே இல்லை. உன் முதலாளி எந்தக் கடினமான வேலை வந்தாலும் உன்னிடம்தான் கொடுப்பார். அந்தக் கை சில வருஷங்களுக்குள் காலையில் தேநீர்த் தம்ளரைப் பிடிக்க முடியாமல் நடுங்கத் தொடங்கியது. முதலில் சம்பள நாள் மட்டும் குடிப்பதாகச் சொன்னாய், பிறகு சனிக்கிழமை என்றாய், அதன் பிறகு நீ காரணம் சொல்வதையும் நாங்கள் கேட்பதையும் நிறுத்திவிட்டோம். ஒருநாள் நண்பகலில் முதலாளியே ஆட்டோவில் உன்னைக் கொண்டுவந்து விட்டார். வாசலில் நின்று என்னிடம் பைய சொன்னார்: "அண்ணாச்சி, பையன் கை நல்ல கை. அந்தக் கையோட மெஷின் பக்கத்துல நிக்கான், எனக்கு ஈரக்கொலை நடுங்குது. வெரலு போயிட்டா நான் யாருக்குப் பதில் சொல்லுவேன்? சரியானா வரட்டும். அவன் எடத்துல நான் யாரையும் நிறுத்தல."

அந்தக் கார்த்திகையில் உன்னை மாலை போட வைத்தோம். இந்த ஊரில் குடிக்கிற பிள்ளை இருக்கும் எந்த வீட்டிலும் முதலில் செய்வது அதுதானே. நீயும் ஒழுங்காக விரதம் இருந்தாய். விடியலில் ஆற்றில் குளித்துவிட்டு வருவாய், அம்மா உன்னைச் 'சாமி' என்று கூப்பிட்டுச் சோறு போடுவாள். கை நடுக்கம் நின்றது, முகம் தெளிந்தது. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே பிராந்திக் கடைக்குப் போனாய். அடுத்த வருஷமும் அப்படியே நடந்தது. அம்மா விடவில்லை. குருசாமியிடம் என்னை அனுப்பி, "கழத்தாமலே இருந்துட்டா என்னன்னு கேளுங்க" என்றாள். நானும் போய்க் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "மாலை சாமிக்குப் போடுதது. குடிக்குப் பூட்டா அதை மாட்டினா, சாவி எங்கன இருக்குன்னு அவனுக்குத் தெரியும்லா?" என்றார்.

நீ கூட்டத்தைக் கண்டுபிடித்தது என் மேசையில். இதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். எங்கள் அலுவலகத்துக்கு வரும் கூட்ட அறிவிப்புகளுக்கு ஓர் இலக்கணம் உண்டு. தலைமை யார், முன்னிலை யார், வரவேற்பவர் யார், சிறப்புரை யார், நன்றியுரை யார். திருநெல்வேலியில் தண்ணீர்ப் பந்தல் திறந்தால்கூட இந்த வரிசை இருக்கும். தண்ணீர் குடித்தவர் பெயர் மட்டும்தான் விட்டுப்போகும். வாராவாரம் ஒரு அஞ்சலட்டை வந்துகொண்டிருந்தது. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையைக் குறிப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை மாலை, குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் கூடிப் பேசும் கூட்டம், யாரும் வரலாம் என்று இருக்கும். அவ்வளவுதான். தலைமை இல்லை, முன்னிலை இல்லை, அனுப்பியவர் கையெழுத்துகூட இல்லை. வேண்டாத தாள்களைக் குத்திவைக்கும் கம்பியில் அதையும் குத்திவிடுவேன். அன்று அம்மா ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டுச் சாவி வாங்க நீ அலுவலகத்துக்கு வந்தாய். நான் போனில் பேசி முடிக்கும்வரை நின்றுகொண்டே அந்தக் கம்பியில் இருந்ததைப் படித்தாய்.

"இது ஏம்ப்பா கம்பில கெடக்கு?"

"தலைமை யாருன்னு போடலலே. தலைமை இல்லாத கூட்டத்தை எப்படிப் பேப்பர்ல போடுதது?"

நீ அட்டையை உருவி, நடுவில் ஓட்டையோடு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டாய். சாவியைக் கொடுத்தேன். நீ அங்கே போவாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உன்னை யாரும் கூட்டிப்போகவில்லை, யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நீயே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஆற்றுப் பாலத்தைத் தாண்டிச் சைக்கிள் மிதித்துப் போனாய். போகிற வழியில் எத்தனை கடை இருக்கிறது என்று இந்த ஊர்க்காரனான எனக்குத் தெரியும். அத்தனையும் உனக்கும் தெரிந்த கடைகள்.

திரும்பி வந்து நீ சொன்னதும், அது சர்ச் நடத்தும் பள்ளிக்கூடம் என்பதால் உன் அம்மாவுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. "வேதக்கோயில் பள்ளிக்கூடமாமே. தண்ணி தெளிச்சு அங்கன சேத்துருவாகளோ?" என்றாள். நீ சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னாய்: "அவங்க ரூமு மட்டும்தாம்மா குடுத்திருக்காங்க. உள்ள டீயும் பிஸ்கட்டும்தான் குடுக்காங்க. அதுவும் நமத்த பிஸ்கட்." ரொம்ப நாளைக்குப் பிறகு இந்த வீட்டில் எல்லாரும் ஒன்றாகச் சிரித்தது அன்றைக்குத்தான். அதன் பிறகு அம்மா ஞாயிறுதோறும் ஒரு டப்பாவில் முறுக்கு கட்டிக் கொடுக்க ஆரம்பித்தாள். வகுப்பறையில் இருந்தவர்களுக்கு நீ 'முறுக்குத் தம்பி' ஆனாய்.

அது நேர்கோடாகப் போகவில்லை. ஆனித் தேரோட்டம் முடிந்து ஊர் கலைந்த அன்று நீ குடித்துவிட்டு வந்தாய். அடுத்த ஞாயிறு நீ போகமாட்டாய் என்று நினைத்தேன். அத்தனை மாதம் குடிக்காமல் நின்றவன் எந்த முகத்தோடு போவான்? நீ அதே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தாய். "இந்த வாரம் விட்டுட்டு அடுத்த வாரம் போயேன்" என்று நான் சொன்னதற்கு, "காய்ச்சல் விட்டப்புறமா ஆஸ்பத்திரிக்குப் போவாங்க?" என்றாய். அங்கே எழுந்து நின்று நீயே சொன்னாய் என்றும், யாரும் உன்னைத் திட்டவில்லை, யாரும் புத்தி சொல்லவில்லை, பக்கத்தில் இருந்தவர் தேநீர்த் தம்ளரை உன் பக்கம் நகர்த்திவைத்தார் என்றும் பிறகு சொன்னாய். மகனே, நான் தேர்தலில் ஜெயித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், விருது வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். மேடை ஏறிப் போனவர்களைப் பற்றியே எழுதி என் காலம் போயிற்று. தோற்ற மறுவாரம் அதே அறைக்கு, அதே சட்டையில் போனவன் என் வீட்டில் இருந்தான்.

அதிலிருந்து ஒரு முழு வருஷம் கழிந்தபோது, வீட்டாரும் வரலாம் என்று ஒரு கூட்டம் வைத்தார்கள். நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போய், நல்ல சரிகை போட்ட பொன்னாடை ஒன்று வாங்கினேன். என் பிள்ளையை மீட்டுக் கொடுத்த கூட்டத்தின் தலைவருக்கு என் கையால் போர்த்த வேண்டும் என்று ஆசை. இந்த ஊரில் நன்றி என்றால் பொன்னாடைதானே. அம்மாவும் நானும் அந்த வகுப்பறைக்குள் போனோம். சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகளில் பெரிய ஆட்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் ஒருவர் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். பார்த்தால், கோர்ட்டுச் செய்திக்காக நான் வருஷக்கணக்கில் பேட்டி எடுத்த வக்கீல்.

"வக்கீல் சார், நீங்க எப்படி இங்க?" என்று கேட்டே விட்டேன்.

"நீரு எப்படி வந்தீரோ அப்படித்தான், படியேறி வந்தேன்" என்றார் அவர். "இங்கன வக்கீலும் இல்ல, சாரும் இல்லவே. இந்த மாசம் டீ ஆத்துத முறை எனக்கு. சீனி போதுமான்னு பாரும்."

நான் பொட்டலத்தைப் பிரித்தேன். "தலைவர் யாருன்னு சொன்னீங்கன்னா..."

"தலைவர் கிடையாது."

"செயலாளர்?"

"டீ ஆத்துதவன்தான். அடுத்த மாசம் வேற ஆளு."

"அப்ப இதை யாருக்குப் போர்த்த?"

அவர் சரிகையைத் தடவிப் பார்த்தார். "நல்ல துணி. ஆனா இதைப் போட்டுக்கிட்டா நான் நாளைக்கு எந்திரிச்சதும் என்னைப் பெரிய ஆளுன்னு நினைப்பேன். பெரிய ஆளுன்னு நினைச்ச அன்னிக்கெல்லாம் நான் குடிச்சிருக்கேன். எனக்கு வேண்டாம்வே, மடிச்சு வையும்." அறை முழுக்கச் சிரிப்பு. நீயும் சிரித்தாய். நான் பொன்னாடையை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தைப் பெஞ்சில் உட்கார்ந்தேன். வக்கீல் என்று இதில் எழுதலாமா என்று போன வாரம் அவரிடம் கேட்டேன். "திருநெல்வேலியில கல்லெடுத்து எறிஞ்சா வக்கீல் மேலதான் விழும். தாராளமா எழுதும்" என்றார்.

பிறகு நீ எழுந்து பேசினாய். என் கை தன்னால் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் திறந்தது. வக்கீல் என் பக்கம் குனிந்து, "பேனாவை மூடும்" என்றார். மூடினேன். நீ அன்றைக்கு எங்களைப் பற்றியும் உன்னைப் பற்றியும் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. எழுதமாட்டேன். அந்த அறையில் பேசியது அந்த அறையோடு என்பது அவர்கள் வழக்கம். என் தொழிலில் கேட்டு, புரிந்து, நினைவில் வைத்து, எழுதாமல் விட்ட பேச்சு அது ஒன்றுதான். வீட்டுக்கு வந்து பொன்னாடையை பீரோவில் வைத்தோம். பட்டறைக்கு நீ திரும்பப் போனதும், முதலாளி சொன்னபடியே உன் மெஷின் உனக்காகக் காத்திருந்ததும் அந்த வருஷம்தான்.

பிறகு விக்கிரமசிங்கபுரம் நூற்பாலையில் பராமரிப்பு வேலை கிடைத்து, அங்கேயே பெண்ணும் பார்த்தபோது, நான் உன்னிடம் ஒரு யோசனை சொன்னேன்: கல்யாணம் முடியட்டும், பிறகு பைய சொல்லிக்கொள்ளலாம். செய்தியை எப்போது வெளியிடுவது என்று தெரிந்தவன் என்ற நினைப்பு எனக்கு. நீ கேட்கவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில், கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் அப்பாவிடம், "மாமா, உங்க மககிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்களும் கேக்கணும்" என்று தொடங்கி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய். அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்பா ஆலையில் நூல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தரகர் இதச் சொல்லலியே" என்றார். நீ, "அவருக்குத் தெரியாது மாமா" என்றாய். அப்போதுதான் உள் கதவருகே நின்ற அந்தப் பெண் பேசினாள்.

"இப்பவும் குடிக்கணும்னு தோணுமா?"

"தோணும்."

"தோணுச்சின்னா என்ன செய்வீங்க?"

"டீ குடிப்பேன். யார்கிட்டயாவது சொல்லுவேன். ஞாயித்துக்கெழமை கூட்டத்துக்குப் போவேன்."

"அது பாளையங்கோட்டையில. இங்கன வேலைக்கு வந்தா?"

ஷிஃப்டு மாறி மாறி வரும் வேலை. ஞாயிறுதோறும் பஸ் பிடித்துப் பாளையங்கோட்டை போய்வர முடியாது என்று எனக்கும் அப்போதுதான் உறைத்தது. கூட்டம் இல்லாத ஊரில் நீ எத்தனை நாள் குடிக்காமல் நிற்பாய் என்று, சொல்கிறேன், நான் பயந்தேன். நீ சொன்னாய்: "இங்கன ஒண்ணு ஆரம்பிக்கணும்." அவள், "அப்ப ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் அப்பா, "எங்கூட வேலை பாத்தவனுவள்ல இப்படிச் சொன்னவன் ஒருத்தன் இல்ல. குடிச்சவன் நெறய" என்று சொல்லி, நீ வைத்திருந்த தட்டைக் காட்டி, "கேசரி ஆறுது மாப்பிள்ள, சாப்பிடுங்க" என்றார். மாப்பிள்ளை என்று அவர் சொன்ன பிறகுதான் அம்மா என் முழங்கையை விட்டாள்.

மகனே, புத்தி சொல்லத் தகப்பனுக்கு உரிமை உண்டு என்பதால் ஒன்று சொல்கிறேன். நீ வீட்டுக்கு வரும்போதெல்லாம் அம்மா, "சட்டையைக் குடு, ஊறப்போடணும்" என்று வாங்கிக்கொண்டு போகிறாள் அல்லவா? கொல்லைக்குக் கொண்டுபோய் முகர்ந்து பார்க்கிறாள். உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். நீ கோபப்படாமல் கழற்றிக் கொடுக்கிறாய். அதை இன்னும் கொஞ்ச காலம் செய். உன் மனைவிக்கும் அப்படி ஒரு நாள் வரும். அன்றைக்கும் கழற்றிக் கொடு. நம்பிக்கை வந்துவிட்டதா என்று யாரையும் அவசரப்படுத்தாதே.

கல்யாணம் முடிந்து நீ அங்கே போனதும், தையல் பள்ளி ஒன்றின் பின்னறையை ஞாயிறு மாலைக்குக் கேட்டு வாங்கினாய். பீரோவில் இருந்த பொன்னாடையைக் கேட்டு எழுதினாய். மேசை பழையது, ஆணி துருத்துகிறது, விரிக்க ஆகும் என்று காரணம் சொல்லியிருந்தாய். அம்மா கொடுத்தனுப்பினாள். வாராவாரம் போய் உட்கார்ந்தாய். யாரும் வரவில்லை. உன் மனைவி ஃப்ளாஸ்கில் தேநீர் தந்து அனுப்புவாள். முழு ஃப்ளாஸ்கும் திரும்பி வரும். அதற்காக ஒரு வாரமும் நீ சீக்கிரம் எழுந்து வரவில்லை என்று அவள் எங்களிடம் சொன்னாள். அப்போதுதான் எனக்கு நீ ஒரு அஞ்சலட்டை போட்டாய். ஊர், தையல் பள்ளி, ஞாயிற்றுக்கிழமை மாலை, குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் கூட்டம், யாரும் வரலாம். வேறு ஒரு வரி இல்லை. அப்பாவுக்கு என்றுகூட இல்லை. மற்ற அறிவிப்புகளோடு அதையும் கவரில் போட்டு அனுப்பினேன். மதுரையிலிருந்து உதவி ஆசிரியர் போன் பண்ணினார். "அண்ணே, விக்கிரமசிங்கபுரம் கூட்டத்துல தலைமை யாருன்னு விட்டுப்போச்சே?"

"விட்டுப்போகல தம்பி. இல்ல."

"இல்லாம எப்படிண்ணே?"

"அப்படியே போடுங்க" என்றேன். போட்டார்.

அடுத்த ஞாயிறு நான் சொல்லாமல் பஸ் ஏறி வந்தேன். ஷிஃப்டு விட்டு ஆலைச் சைக்கிள்கள் சாலையை அடைத்துக்கொண்டு வந்தன. ஒவ்வொன்றும் தையல் பள்ளித் தெருப் பக்கம் திரும்புமா என்று பார்த்தேன். திரும்பவில்லை. பின்னறையில், உறை போட்ட தையல் மெஷின்களுக்கு நடுவே நீ தனியாக உட்கார்ந்திருந்தாய். மேசை மேல் அந்தப் பொன்னாடை, அதன் மேல் ஃப்ளாஸ்க், கவிழ்த்த தம்ளர்கள். என்னைப் பார்த்து, "வாங்கப்பா. டீ?" என்றாய். நான் குடித்து முடிக்கும்போது வெளியே ஒரு சைக்கிள் நின்ற சத்தம். நாம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. வெகுநேரம் யாரும் உள்ளே வரவில்லை. பிறகு ஒருவர் வாசலில் நின்றார். என் வயது இருக்கும். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒரு காலில் மட்டும் கழற்றியிருந்தார்.

"பேப்பர்ல போட்டிருந்துச்சு... இங்கன தலைவர் யாரு?"

நீ எழுந்தாய். "தலைவர் கிடையாது அண்ணாச்சி. டீ இருக்கு. உள்ள வாங்க."

தம்ளரை வாங்கிய அவர் கை ஆடியது. பாதித் தேநீர் மேசையில் கொட்டி, சரிகைக் கரை வரைக்கும் ஓடியது. அவர் பதறிப்போய்த் தோள் துண்டால் ஒற்ற வந்தார். "ஐயோ, நல்ல துணியாட்டு இருக்கே, பாழாக்கிட்டேனே."

"விடுங்க, மேல்விரிப்புதான்" என்று சொல்லி, தம்ளரை வாங்கி, இந்த முறை பாதியளவு மட்டும் ஊற்றி, இரண்டு கையாலும் பிடிக்கும்படி நீட்டினாய். உன் கை ஆடவில்லை. நான் ஒரு வருஷத்துக்கும் மேலாக யாருக்குப் போர்த்துவது என்று தெரியாமல் வைத்திருந்த துணி, ஈரமாகி, உன் முன்னால் கிடந்தது.

அவர் பெயரை நான் கேட்கவில்லை. ஊரைக் கேட்கவில்லை. எழுந்து வெளியே வந்து, கதவைச் சாத்தினேன். வாசல் சுவரில் அவர் சைக்கிள் சாய்ந்திருந்தது. கிளம்பிவிட வேண்டியிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, பூட்டாமல் விட்டிருந்தார். எதிர்க் கடையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாபநாசத்திலிருந்து இறங்கிய திருநெல்வேலி பஸ் ஒன்று போனது, இன்னொன்றும் போனது. இரண்டிலும் நான் ஏறவில்லை. சைக்கிள் அங்கேயே நின்றது.

பெருமையோடு,
உன் அப்பா